இடப்பக்கத்து வழி

மாடு வாங்குகிறவன் மாட்டிடம் போய் உனக்கு என்ன கோளாறு என்று கேட்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், வாலைத் தூக்கிப் பார்க்கிறான், நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறான். விற்கிறவன் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. மணப்பாறைச் சந்தையில் பாதி ஆயுசு மாட்டுத் தரகு பார்த்தவன் நான். வைத்தியனிடம் போனாலும் எனக்கு அதே கணக்குத்தான். வாயைத் திறக்க மாட்டேன், கையை நீட்டுவேன். நாடி பிடித்தவன் நோவைச் சொல்லட்டும். நானே சொல்லிவிட்டால் அவனுக்கு அங்கே என்ன வேலை? எங்கள் பக்கத்தில் என் வயசுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான்.

எனக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போக ஆரம்பித்தது அறுபதாம் வருஷம் தை மாதத்தில். என் பெண்சாதி காளியாயிக்குக்கூடச் சொல்லவில்லை. நாங்கள் இருந்தது மண்ணச்சநல்லூரில், ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, பஸ் ஏறிக் கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். சித்திரை வீதியில் தேசிகாச்சாரி என்று ஒரு வைத்தியர். நாடிக்குப் பேர் போனவர்.

கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பிடித்திருந்தார்.

"வாயு கீழே எறங்கி உஷ்ணமா நிக்கறது. மூலம். ரத்தம் போறதோ?"

நீட்டின கையை எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போறது. உம்ம நகம் வெளுத்திருக்கறதைப் பார்த்தாலே தெரியறதே. ஏன் ஓய், வாயிலே என்ன கொழுக்கட்டையா?"

கேட்காமலே சொல்லிவிட்டார் என்று எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. லேகியம் கொடுத்தார். கருணைக்கிழங்கு தின்னச் சொன்னார், மிளகாயை நிறுத்தச் சொன்னார். ரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் வெளிக்குப் போனது விரல் பருமன்கூட இல்லாமல் நாடாவாகப் போயிற்று. போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே இருந்தது. மூலத்துக்கு அப்படி வராது என்று பின்னால்தான் தெரிந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. நாடியில் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் இடுப்பு வேட்டி இன்னொரு சுற்று வந்தது. வயிறு மட்டும் தம்மென்று இருந்தது. வைத்தியர் இந்தத் தடவை நாடி பிடிக்கவில்லை. படுக்கவைத்து இடப்பக்கம் அடிவயிற்றில் அழுத்தினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"மருதை, இது என் கைக்கு அடங்கறதில்லை. லேகியத்தை நிறுத்திப்பிடும். புத்தூர்லே இருதயநாதன்னு ஒரு டாக்டர், கத்தி வைக்கறதிலே கெட்டிக்காரர். இன்னிக்கே போம். அப்புறம் பெருமாள் திருவுள்ளம்."

தன்னால் முடியாது என்று வாயால் சொன்ன வைத்தியனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்மேல் இருந்த நம்பிக்கை அதோடு போயிற்று. வேறு எவனாவது பார்க்கலாமா என்றுதான் யோசித்தேன். வீரமலைதான் விடவில்லை. என் அக்காள் மகன், என் மகளைக் கட்டியவன், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவன் ஜட்கா வைத்துக் கூட்டிப்போனான்.

இருபது கட்டில் போட்ட ஆஸ்பத்திரி. டாக்டர் இருதயநாதன் குட்டையான ஆள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார்.

"என்ன செய்யுது?"

கையை நீட்டினேன்.

"கை நல்லாத்தான் இருக்கு. உடம்புக்கு என்ன?"

"நீங்கதான் சொல்லணும்."

வீரமலை நெளிந்தான். "மாமா, சொல்லுங்க மாமா. இங்கிலீஷ் டாக்டர்கிட்ட நாம சொல்லணும்."

"நானே சொல்லிட்டா இவரு எதுக்குப் படிச்சாரு?"

டாக்டர் பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டார். "பெரியவரே, வெளியில ஒரு பட்டாளமே நிக்குது. நீங்க சொல்ல வேணாம். அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."

ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, மாட்டு டாக்டர் பசுவுக்குச் செய்வதை எனக்குச் செய்தார். வலித்தது. வலியைவிட ஆத்திரம் அதிகம். விரலை எடுத்தபோது உறையில் ரத்தம்.

"எத்தனை மாசமா?"

சுவரைப் பார்த்தபடி கிடந்தேன்.

"எத்தனை மாசமாய்யா?"

"தையிலேர்ந்து."

"இதை உக்காந்தவுடனே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா விரல் விட்டிருக்க மாட்டீங்களா?"

"விட்டிருப்பேன். இவ்வளவு கோவமா விட்டிருக்க மாட்டேன்."

கட்டில் கொடுத்தார்கள். பல்பு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். நுனியில் துளி சதையைக் கிள்ளி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். இன்னொரு நாள் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைப் பின்பக்கமாக ஏற்றிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளையாகப் போன குடல் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் நூல் போட்டு இறுக்கின மாதிரி ஒடுங்கியிருந்தது. என்ன அது என்று கேட்டேன். ரிசல்ட் வரட்டும் என்றார்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் வீரமலையை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். கட்டிலில் இருந்து எனக்குத் தெரிந்தது. வீரமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கையைக் கூப்பிக்கொண்டு எதையோ கேட்டான். டாக்டர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார், கடைசியில் சரி என்கிற மாதிரி ஆட்டினார். உள்ளே வரும்போது மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு.

"ஒண்ணும் இல்ல மாமா. குடல்ல புண்ணு. சின்ன ஆபரேஷன். புண்ணு ஆறுற வரைக்கும் வயித்துல ஒரு துவாரம் வெப்பாங்களாம். ஆறு மாசத்துல மூடிருவாங்களாம்."

அன்று மத்தியானம் காளியாயி நாட்டுக்கோழி ரசம் கொண்டுவந்தாள். மறுநாள் நான் கேட்காமலே புது வேட்டி வந்தது. எட்டு வருஷமாக என்னை எதிர்த்துப் பேசிய மாப்பிள்ளை வார்த்தைக்கு வார்த்தை மாமா போட்டான். கோளாறு பிடித்த மாட்டைத்தான் விற்கிறவன் குளிப்பாட்டி, கொம்பு சீவிக் கூட்டிவருவான்.

"ஏண்டி, நான் சாகப்போறேனா?" என்று காளியாயியைக் கேட்டேன்.

"வாயக் கழுவுங்க," என்றாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து உதறி மறுபடி மடித்தாள்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கைக்கும் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது. வாயால் சொன்னதை மாற்றிப் பேசலாம். துண்டுக்கு அடியில் பிடித்த விரலை மாற்றிப் பேசினவன் அடுத்த சந்தைக்கு வர முடியாது.

காலையில் டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது தோளில் கிடந்த துண்டை அவர் கைமேல் போட்டு, அடியில் கையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸம்மா பதறிவிட்டாள்.

"என்ன பெரியவரே இது?" என்றார் டாக்டர்.

"சொல்ல மாட்டேன்னு எம் மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டீங்க. வாயால சொல்ல வேணாம். என் விரலப் பிடிங்க. ஒரு விரலுக்கு ஒரு வருஷம். வெட்டாம விட்டா எத்தனை?"

கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய ஈரக்கை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். பிறகு கொஞ்சம் மேலே நகர்ந்து, நடுக் கணுவில் நகத்தால் கிள்ளினார். ஒன்றுகூட இல்லை, அரை. எங்கள் தரகில் அப்படி ஒரு பிடி கிடையாது. அவராகச் செய்தது.

"வெட்டினா?"

ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டார். இரண்டைப் பிடித்தார். மறுபடி ஐந்து.

"என்ன டாக்டரு, வெல ஏறி ஏறி எறங்குது?"

துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டார். நர்ஸம்மாவைப் போகச் சொல்லிவிட்டு என் காலடியில் உட்கார்ந்தார்.

"தெரியாது பெரியவரே. அதான் நெசம். இது புத்துநோய். வெட்டிக்கிட்டவங்கள்ல பாதிப் பேருக்கு மேல அஞ்சு வருஷம் தாண்டல. மீதிப் பேரு நல்லா இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம்னு வயித்தத் தெறந்தாத்தான் தெரியும். தெறந்தும் சில சமயம் தெரியாது."

"துவாரத்த ஆறு மாசத்துல மூடுவீங்களா?"

"மூட மாட்டேன். இருக்கிற வரைக்கும் அதான் வழி. கீழ இருக்கிற வழிய வெட்டியெடுத்துத் தச்சுருவேன். மூடிருவோம்னு சொல்லச் சொல்லி உங்க மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் தலையாட்டியிருக்கக் கூடாது."

"வெட்டி எடுத்துட்டு ரெண்டு நுனியையும் சேத்துத் தச்சா என்ன? கயிறு அறுந்தா முடிச்சுப் போடறதில்லையா?"

"மேல வந்திருந்தா அப்படித்தான் செய்வேன். உங்களுக்குக் கடைசி ஒரு சாண்ல வந்திருக்கு. முடிச்சுப் போட அந்தப் பக்கம் கயிறு இல்ல."

வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். மெட்ராஸில் கட்டியைச் சுடுகிற கதிரைப் பாய்ச்சிக் கரண்டு வைக்கிறார்கள், போய்வரலாம்; ஆனால் இந்த இடத்துக் கட்டி அதற்கு முழுக்கக் கரையாது, சுற்றியிருக்கிற குடலும் வெந்துபோகும். கட்டியைத் தொடாமல் துவாரம் மட்டும் வைக்கலாம். அடைப்பு வராது, கட்டி அதுபாட்டுக்கு வளரும். ஒன்றும் செய்யாமல் ஊருக்கும் போகலாம். அப்படிப் போனால் ஒருநாள் வழி சுத்தமாக அடைத்துக்கொள்ளும்.

"எனக்கு வேணாம்," என்றேன். "சந்தையில தோளோட தோள் ஒட்டி நின்னு பொழைக்கிறவன். வயித்துல பீ வழியிறவன் பக்கத்துல எவன் வந்து துண்டு போடுவான்? நாறிக்கிட்டு இருக்கிறதுக்குப் போயிடலாம்."

டாக்டர் எழுந்தார். "பாலக்கரையில மாதா கோயிலுக்குப் பின்னால ரோசம்மாள்னு இருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நான் வெட்டினதுதான். போய்ப் பாருங்க. யாரு வந்தாலும் பேசுறேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. என் பேரச் சொல்லுங்க."

அவர் பேரைச் சொல்லிப் போனால் அவருக்கு வேண்டிய மாதிரிதானே அந்தப் பொம்பளை பேசும். மறுநாள் விடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், வேட்டியைக் கட்டிக்கொண்டு நடந்தே போனேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது.

கோயிலுக்குப் பின்னால் குறுகலான சந்து. ஒரு வீட்டு வாசலில் இட்லி வியாபாரம். வேலைக்குப் போகிற ஆட்கள் குந்தியும் நின்றும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கட்டையான பொம்பளை அடுப்பையும் பார்த்து, சட்னியும் ஊற்றி, கடன் சொன்னவனைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். முதலில் வயிற்றுக்குப் போட்டுவிட்டு அப்புறம் விசாரிக்கலாம் என்று இலையை வாங்கினேன். நாலு இட்லி. பஞ்சு மாதிரி இருந்தது. கடைசி விள்ளலைத் தின்றுகொண்டே பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன்.

"இங்க ரோசம்மாள்னு ஒரு சீக்காளி இருக்காமே, எந்த வீடு?"

அவனுக்குப் புரையேறிவிட்டது. "யக்கா, பெரியவரு ஒன்னச் சீக்காளிங்கிறாரு!"

அந்தப் பொம்பளை கரண்டியோடு திரும்பினாள். "யாரு, புத்தூர் டாக்டரு அனுப்புன ஆளா? மூக்க விரிச்சுக்கிட்டு வந்து நிக்கும்போதே நெனச்சேன். முந்தி உறையூர்லேர்ந்து ஒருத்தரு வந்தாரு, பச்சத்தண்ணி குடிக்கல. நீங்க பரவால்ல அண்ணே, இலைய வழிச்சிட்டீங்க."

நாலும் உள்ளே போய்விட்டது. இனி என்ன செய்வது. கை கழுவிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். மாட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். மூச்சை இழுத்தேன். இட்லி ஆவி, நல்லெண்ணெய், விறகுப் புகை.

"என்ன, வாடை வருதா?"

"இல்ல."

"இப்ப வராது. கருக்கல்லயே எந்திரிச்சுத் தண்ணி ஏத்திக் கழுவிருவேன். மேல பஞ்சு, அதுக்கு மேல ரப்பர் துணி, ஒரு பெல்ட்டு. பொழுது சாயற வரைக்கும் கவல இல்ல. மொச்சக்கொட்ட தின்னா அன்னைக்குக் கெட்டுச்சு, நாறும். பொய் சொல்ல மாட்டேன்." ஒரு ஈடு இட்லியைத் துணியோடு கவிழ்த்தாள். "காத்து மட்டும் நம்ம கையில இல்ல. அது பாட்டுக்குச் சத்தமா வரும். ஒருதடவ கோயில்ல பூசை நடுவுல வந்துருச்சு. பக்கத்துல முட்டிப்போட்டிருந்த வியாகுலம்மாளத் திரும்பி ஒரு மொற மொறச்சேன் பாருங்க. ஊரே அவதான்னு நெனச்சுருச்சு. இன்னி வரைக்கும் எங்கிட்டப் பேசறதில்ல."

இலையோடு நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தின்கிறார்கள்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒங்களுக்கு மூடிருவாங்கன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. டாக்டரு இல்லன்னுட்டாரு."

"எனக்கு எங்கண்ணன் சொன்னான். ஆறு மாசம் நாள எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். வெட்டினப்ப அழல அண்ணே. மூட மாட்டாங்கன்னு தெரிஞ்சப்பதான் அழுதேன். எங்க வீட்டுக்காரரும் பாயத் தனியாப் போட்டுக்கிட்டாரு. கேக்க வந்தவர்கிட்ட அதையும் சொல்லிரணுமில்ல."

"வெட்டிக்காமலே இருந்திருக்கலாம்னு தோணலியா?"

அடுப்பைக் குனிந்து ஊதினாள். நிமிரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்காத்தாளுக்கும் இதேதான். கத்தி வேணாம்னுருச்சு. வயிறு பானையாட்டம் ஊதி, கீழ போக வேண்டியது வாயால வந்துச்சு. நாந்தான் பக்கத்துல இருந்து தொடச்சேன். தெறந்த வாயோட போச்சு."

இட்லிக்குக் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் ஒரே கலவரம். வீரமலை வேலைக்குப் போகாமல் என்னைத் தேடிக் கிணற்றை எல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறான். காளியாயி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"இட்லி திங்கப் போனேன். புத்துன்னு தெரியும். மூட மாட்டாங்கன்னும் தெரியும்."

வீரமலை தூணைப் பிடித்துக்கொண்டான். "நீங்க பயந்துருவீங்கன்னுதான் மாமா…"

"பயமாத்தான்டா இருக்கு. நீ பொய் சொன்னதால அது கொறஞ்சுச்சா?"

காளியாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டரிடம் சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை, வெட்டியதை என் கண்ணில் காட்ட வேண்டும். நல்ல குடலைக் கத்தரித்துவிட்டுப் புத்து என்று சொன்னால் எனக்கு என்ன தெரியும்? டாக்டர் கோபப்படவில்லை. காட்டுகிறேன் என்றார்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மூக்கில் மருந்துத் துணியை வைத்தார்கள், அவ்வளவுதான் தெரியும். விழித்த பிறகு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நெருப்பு. உட்கார முடியாமல் வெகுநாள் ஒருக்களித்தே கிடந்தேன். நர்ஸம்மா துணி மாற்றும்போதெல்லாம் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொஞ்சம் தெளிந்ததும் டாக்டர் ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். தண்ணீர் மாதிரி மருந்தில் வெளிறிய குடல் துண்டு மிதந்தது. ஒரு பக்கத்தில் பிளந்து வைத்திருந்தார். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு, அழுகின காலிஃபிளவர் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னுதுதாங்கறதுக்கு என்ன சாட்சி?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "போர்வையத் தூக்கிப் பாருங்க, சாட்சி அங்க இருக்கு."

தூக்கவில்லை. ஈரலில் பரவியிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"தடவிப் பாத்தேன். கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. கைக்குத் தட்டுப்படாதது இருந்தாலும் இருக்கும்."

அந்தப் பதிலுக்காகவே அந்த ஆளை நம்பலாம் போல இருந்தது. எட்டு வருஷம் ஆகிவிட்டது. நான் நல்ல பாதியில் சேர்ந்துவிட்டேனா என்று எப்போதாவது போய்க் கேட்பேன். தாண்டிட்டீங்கன்னுதான் நெனைக்கிறேன், எழுதித் தரமாட்டேன் என்கிறார்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று நர்ஸம்மா இல்லை. காளியாயிதான் செய்ய வேண்டும். அதுவரைக்கும் அவள் அதைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. சுடுதண்ணீர், பஞ்சு, பழைய வேட்டியைக் கிழித்த துணி எல்லாம் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெல்ட்டை அவிழ்த்தாள். ரப்பர் துணியை எடுத்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்தில், சிவப்பாக, கோவைப்பழத்தை நசுக்கி வைத்த மாதிரி இருந்தது. அசைந்தது.

"நாறுதாடி?" என்றேன்.

அவள் வாயில் இருந்து என்ன வரும் என்று காத்திருந்தேன்.

"நாறுது," என்றாள். "கொமட்டுது. இடது கையத் தூக்குங்க, அடியில கெடக்குற துணிய உருவணும்."

கையைத் தூக்கினேன்.